ஏழை சொல் அம்பலம் ஏறிய வரலாறு

தோற்றுவாய்



"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைக் கேளாது வளர்ந்தவர் நம்முள் எவருமிலர். நம் முன்னோர் பன்னூறாண்டுகளாகக் கண்டு நொந்த ஓர் உண்மையை நான்கே சொற்களில் அடக்கிவைத்தனர். ஏழையின் சொல் பொய்யென்பது இப்பழமொழியின் கருத்தன்று. அது மெய்யாயினும் சபையேறுவதில்லை என்பதே கருத்து. மெய் வேறு, மெய்யைச் சபையில் நிலைநாட்டும் வலிமை வேறு. முன்னது ஏழைக்கும் உண்டு. பின்னது பொருளுடையானுக்கே பெரும்பாலும் வாய்ப்பது.

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியொன்றைத் தூக்கி வைத்தான் என்றும், கன்றை இழந்த பசு அம்மணியை அடித்து முறையிட்டதென்றும் நாம் கேட்டிருக்கின்றோம். அப்பசு ஸ்டாம்புக் கட்டணம் செலுத்தவில்லை. வக்காலத்து எழுதிக் கொடுக்கவுமில்லை. கண்ணகியும் பாண்டியன் அவைக்களத்திலே தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தாள். ஆயின், சட்டங்கள் பல்கி, நடைமுறை விதிகள் நுணுகி, நீதி வழங்கும் தொழில் கற்றோர்க்கே உரிய தனித் தொழிலாகிய பின்னர், எளியவன் ஒருவன் தன் வழக்கைத் தானே உரைத்து வெல்லுதல் மிக அரிதாயிற்று. மணி இருந்தது; கயிறுதான் எட்டாத உயரத்திற்குப் போயிற்று.

அக்கயிற்றை மீண்டும் ஏழையின் கைக்கெட்டச் செய்யும்பொருட்டு, வக்கீலுக்குரிய ஊதியத்தைப் பொதுப் பணத்திலிருந்து அரசாங்கமே கொடுத்தல் வேண்டும் என்னும் கொள்கை எங்ஙனம் தோன்றிற்று, எத்தனை தடைகளைக் கடந்து வந்தது என்பதை ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றோம். நம் நாட்டு நியாயஸ்தலங்களின் நடைமுறை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்ததாதலின், அத்தேசத்தின் சரித்திரத்தையே முதன்மையாகக் கொள்வோம். இறுதியில் நம் நாட்டுச் செய்தியையும் சுருங்கக் கூறுவோம்.

கட்டளை உண்டு, காசு இல்லை

1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் தன் பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்த மகா சாசனத்தில், நீதியை எவனுக்கும் விற்பதில்லை, எவனுக்கும் மறுப்பதில்லை, தாமதிப்பதுமில்லை என்னும் பொருள்பட ஒரு வாக்குறுதி இருக்கின்றது. சொல் அழகியது. ஆயினும், அரசன் நீதியை விற்காதிருந்தாலும், கட்டளைப் பத்திரம் எழுதுவோனும், அதற்கு முத்திரை இடுவோனும், பேசுவோனும் தத்தமக்குரிய கூலியை விடுவாரல்லர். ஆகவே அவ்வாக்குறுதி ஏழைக்கு நெடுங்காலம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

ஸ்காட்லாந்து தேசத்துப் பார்லிமெண்டு 1424-ஆம் ஆண்டிலேயே, பொருளில்லாமையால் வழக்கை நடத்த மாட்டாத எளியவனுக்கு நீதிபதியே தக்க வாதி ஒருவரை அமர்த்தித் தருதல் வேண்டுமென்று சட்டமியற்றியது. இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி அரசன் காலத்தில், 1495-ஆம் ஆண்டில், இத்தகைய சட்டம் ஒன்று பிறந்தது. அதன்படி, ஏழைக் குடிகள் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கும் கட்டளைப் பத்திரங்களைப் பெறலாம். எழுத்தர்கள் கூலி வாங்காமல் எழுதிக் கொடுத்தல் வேண்டும். நீதிபதிகள் நியமிக்கும் வக்கீல்கள் பணம் பெறாமலே வழக்காடுதல் வேண்டும்.

இச்சட்டத்தின் பெருமையை நாம் குறைத்துரைக்கப் போவதில்லை. ஏழைக்கும் நியாயஸ்தலத்தில் வாய் உண்டு என்று ராஜாங்கம் ஒப்புக்கொண்டது சிறிய காரியமன்று. ஆயினும், இதில் ஒரு குறை தொடக்கத்திலேயே புகுந்துவிட்டது. ராஜாங்கம் கட்டளையிட்டதே யன்றிக் காசு கொடுக்கவில்லை. ஏழைக்குச் செய்யும் உதவியின் பாரம் முழுவதும் எழுத்தன் தலையிலும் வக்கீல் தலையிலும் சுமத்தப்பட்டது. கூலியில்லாத வேலை எவ்வாறு நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பணங்கொடுத்த கட்சிக்காரனுடைய கட்டு மேலேயும், பணமில்லாதவனுடைய கட்டு அடியிலேயும் கிடக்கும்.

மேலும், இச்சட்டம் வழக்குத் தொடுக்கும் வாதிக்கே உதவியது. பிறர் தொடுத்த வழக்கில் அகப்பட்டுக்கொண்ட ஏழைப் பிரதிவாதி பொதுச்சட்ட நியாயஸ்தலங்களில் இச்சலுகையைப் பெற நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஐந்து பவுன் பிரமாணம்

யார் ஏழை என்னும் கேள்வி அடுத்து எழுந்தது. நாளடைவில் ஏற்பட்ட வழக்கப்படி, உடுத்த உடையும் வழக்கிற்குரிய பொருளும் நீங்கலாகத் தனக்கு ஐந்து பவுன் பெறுமான சொத்துமில்லை என்று மனுதாரன் பிரமாணம் செய்தல் வேண்டும். வழக்கில் நியாயமிருக்கின்றதென்று வக்கீல் ஒருவருடைய சான்றும் கொண்டுவருதல் வேண்டும். ஐந்து பவுன் என்பது முதலில் ஓரளவு பொருந்திய தொகையாக இருந்திருக்கலாம். ஆனால் நூற்றாண்டுகள் உருண்டன. பண்டங்களின் விலை பன்மடங்கு ஏறியது. பிரமாணத்தின் தொகை மட்டும் அசையாது நின்றது. 1883-ஆம் ஆண்டில்தான் அஃது இருபத்தைந்து பவுனாக உயர்த்தப்பட்டது. ஆகவே, முற்றிலும் ஆண்டியாய்ப் போனவனே ஏழை எனப்பட்டான். உழைத்து உண்டு, நாலு காசு சேர்த்து வைத்திருந்த தொழிலாளி ஏழையுமல்லன், வழக்காடும் செல்வனுமல்லன். இடையில் நின்ற அவனுக்கு எப்பக்கமும் கதவில்லை.

தோற்ற ஏழையின் கதி இன்னும் கொடிது. தோற்றவன் எதிரியின் செலவைக் கொடுத்தல் அந்நாட்டு விதி. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று ஏழை வாதியை அச்செலவினின்றும் விடுவித்தது. ஆனால், நீதிபதி தம் விருப்பப்படி வேறு தண்டனை விதிக்கலாமென்றும் கூறிற்று. தோற்ற ஏழையைப் பார்த்து, "செலவைக் கொடுக்கின்றாயா, கசையடி படுகின்றாயா?" என்று கேட்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்ததாகப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டப் பேராசிரியர் பிளாக்ஸ்டன் குறிப்பிடுகின்றார். அவர் காலத்துக்கு முன்பே அவ்வழக்கம் ஒழிந்துவிட்டது. எனினும், நீதி கேட்டு வந்தவனைத் தொல்லை கொடுக்க வந்தவனாகவே கருதிய மனப்பான்மை அதனால் விளங்கும். தருமமாகக் கொடுக்கப்படும் உதவியிலே இம்மனப்பான்மை எளிதில் குடிபுகும். கொடுப்பவன் மனங்கோணினால் கேட்பவன் கள்வனாவான்.

குற்றவாளிக் கூண்டில்

உரிமை வழக்குகளின் நிலை இங்ஙனமாக, உயிரும் விடுதலையும் தொங்கும் குற்ற வழக்குகளின் நிலை யாது? பெருங்குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வக்கீல் ஜூரிகளை நோக்கிப் பேசுதற்கே 1836-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் இடமில்லை. அவ்வாண்டுச் சட்டத்தால் அவ்வுரிமை கிடைத்தது. ஆயினும், வக்கீலை அமர்த்தப் பணமுள்ளவனுக்கன்றோ அவ்வுரிமை பயன்படும்?

பணமில்லாதவனுக்கு அந்நாட்டில் ஒரு வினோதமான வழியிருந்தது. அங்கியணிந்து நியாயஸ்தலத்தில் அமர்ந்திருக்கும் பாரிஸ்டர்களுள் எவரையேனும் கூண்டில் நிற்கும் கைதி சுட்டிக் காட்டலாம். ஒரு பவுன் மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்தால், சுட்டப்பட்டவர் மறுக்கலாகாது. முன்பின் அறியாத ஒருவனுடைய வழக்கை அங்கேயே சில நிமிஷங்களில் கேட்டறிந்து வாதாட வேண்டியதுதான். இளம் பாரிஸ்டர்கள் சிலர்க்கு இது பழகுதற்கு வாய்ப்பாயிற்று. கைதிக்கோ, முகத்தைப் பார்த்து வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் சூதாட்டமாயிற்று. அச்சிறு தொகையும் இல்லாதவன் நீதிபதியின் இரக்கத்தை நம்பியே நின்றான்.

பொதுப் பணத்திலிருந்து ஏழைக் கைதிக்கு வக்கீல் கொடுக்கும் முதற் சட்டம் இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஏழைக் கைதிகள் தற்காப்புச் சட்டம் என்பது அதன் பெயர். ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. கீழ்க்கோர்ட்டு விசாரணையிலேயே கைதி தன் எதிர்வாதம் இன்னதென்று வெளியிடுதல் வேண்டும். அதனைக் கண்டு திருப்தியுற்றாலன்றி அதிகாரிகள் வக்கீலைக் கொடுக்கமாட்டார்கள். செல்வனான கைதி தன் வாதத்தை மூடி வைத்துக்கொண்டு தக்க சமயத்தில் வெளியிடலாம். ஏழையோ தன் கையிலுள்ள சீட்டுகளையெல்லாம் முன்னரே விரித்துக் காட்டிய பின்னரே துணை பெறலாம். அன்றியும், வாதத்தை எவ்வாறு எடுத்துரைப்பது என்று அறியாமையினாலன்றோ அவன் வக்கீலைக் கேட்கின்றான்? நீந்தத் தெரிந்தால்தான் ஓடம் தருவோம் என்பது போன்றதே இந்நிபந்தனை.

இருபத்தேழு ஆண்டுகள் சென்று, 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முள் எடுக்கப்பட்டது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குத் துணை தந்தே தீரவேண்டும் என்றும், மற்றைக் குற்றங்களில் நீதியின் நலத்தை நோக்கித் தரலாமென்றும் விதிக்கப்பட்டது. மாஜிஸ்டிரேட்டுகளின் கோர்ட்டுகளிலும் கடுமையான சந்தர்ப்பங்களில் துணை கிடைக்க வழி பிறந்தது.

தருமமா, கடமையா?

உரிமை வழக்குகளில் 1914-ஆம் ஆண்டில் புதிய விதிகள் ஏற்பட்டன. ஐம்பது பவுனுக்கு மேற்படாத சொத்துடையவர்க்குச் சொலிசிட்டர்களும் பாரிஸ்டர்களும் தாமே முன்வந்து கூலியின்றி உதவலாயினர். 1926-ஆம் ஆண்டில் இவ்வேலை லா சொசைட்டி என்னும் சொலிசிட்டர்கள் சங்கத்தினிடம் ஒப்புவிக்கப்பட்டது. கீழை லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1890-களிலிருந்தே நல்லெண்ணமுடைய வக்கீல்கள் மாலை வேளைகளில் அமர்ந்து இலவச யோசனை கூறிவந்தனர். இவர்களுக்கு ஏழையின் வக்கீல் என்றே பெயர் வழங்கிற்று. இவர்களுடைய தொண்டு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், யோசனை சொல்லுதல் வேறு, மாதக்கணக்காக நியாயஸ்தலத்தில் நின்று வழக்கை நடத்துதல் வேறு.

இந்நிலையில், அரசாங்கமே செலவை ஏற்றல் வேண்டுமா என்று ஆராய ஃபின்லே நீதிபதியின் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அக்கமிட்டி 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், அரசாங்கம் பணங்கொடுக்க வேண்டுவதில்லை என்றது. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. குடிகள் நோயின்றி வாழ்தல் ராஜாங்கத்துக்கு நன்மை. குடிகள் வழக்காடுவோராய் இருத்தல் நன்மையன்று. ஆதலின் வைத்தியத்தையும் வழக்கையும் ஒப்பிடலாகாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு நியாயமாகவே தோன்றும். வழக்காடிக் கெட்ட குடும்பங்களை நாமும் கண்டிருக்கின்றோம். நம் பெரியோரும் வழக்கை விட்டு உடன்பாட்டை நாடுமாறே அறிவுறுத்தி வந்தனர். ஆயினும், ஊன்றி நோக்குவோமாயின் இதன் பிழை விளங்கும். ஏழை பெரும்பாலும் வழக்கை விரும்பித் தேடிச் செல்பவனல்லன். வழக்குத்தான் அவனைத் தேடி வருகின்றது. குடியிருக்கும் வீட்டினின்றும் வெளியேற்றப்படுபவனும், யந்திரத்தில் கையிழந்து நஷ்டஈடு பெறாதவனும், கணவனால் கைவிடப்பட்டு ஜீவனாம்சமின்றித் தவிப்பவளும் வழக்காடும் ஆசையினால் நியாயஸ்தலம் செல்வோரா? அவர்களுக்கு நேர்ந்தது ஒருவகை நோயே. நோய்க்கு மருந்து கொடுப்பது கடமையாயின், இதற்கும் மருந்து கொடுப்பது கடமையே. அன்றியும், எளியவன் வழக்காட மாட்டான் என்னும் துணிவினாலேயே வலியவன் அநியாயம் செய்கின்றான். ஏழைக்குப் பின்னால் ஒரு வக்கீல் நிற்பான் என்று தெரிந்தால், பல வழக்குகள் தோன்றாமலே போய்விடும்.

இவ்வுண்மையை ஆங்கிலேயர்க்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் அந்நாட்டினரல்லர். அவர் ஏர்ன்ஸ்ட் கோன் என்னும் ஜெர்மானிய யூதர். பிரெஸ்லோ சர்வகலாசாலையில் சட்டப் பேராசிரியராயிருந்து, நாஜிகளால் துரத்தப்பட்டு, இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். அவர் 1943-ஆம் ஆண்டில் எழுதிய நீண்ட கட்டுரையொன்றில், பல தேசங்களின் முறைகளை ஒப்பிட்டு, ஏழைக்குச் சட்ட உதவி செய்தல் தருமமன்று, தற்கால ராஜாங்கம் தன் குடிகளுக்குச் செலுத்த வேண்டிய கடன் என்று நிறுவினார். பிரான்ஸ் தேசம் 1851-ஆம் ஆண்டிலேயே ஏழைகளுக்கான சட்ட உதவியை முறைப்படுத்தியிருந்தது. ஜெர்மனியோ முதல் மகாயுத்தத்தின் பின்னர் இவ்வழக்குகளை நடத்தும் வக்கீல்களுக்குப் பொதுப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. சட்டத்தின் பாதுகாப்பை ஒரு நாட்டில் முற்றிலும் இழந்த மனிதரே அதன் அருமையை மற்றொரு நாட்டார்க்கு உணர்த்தினார் என்பது நாம் சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

யுத்தம் திறந்த கதவு

வாதத்தினால் திறவாத கதவை யுத்தம் திறந்தது. இரண்டாம் மகாயுத்த காலத்தில் கணவன் போர்க்களத்திலும் மனைவி குண்டு விழும் நகரத்திலுமாகப் பிரிந்து வாழ, குடும்பங்கள் பல சிதைந்தன. விவாகரத்து வழக்குகள் மலைபோற் குவிந்தன. சொலிசிட்டர்களிலும் அவர்களுடைய குமாஸ்தாக்களிலும் பலர் படையிற் சேர்ந்துவிட்டனர். எஞ்சியவர்கள் கூலியில்லாத வேலையை மேலும் ஏற்க இயலாமல் தவித்தனர். தேசத்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த சிப்பாயிடம், உன் குடும்ப வழக்கைக் கேட்க ஆளில்லை என்று சொல்லலாகுமா? ஆகவே, 1942-ஆம் ஆண்டில் லா சொசைட்டியின் கீழ்ச் சிப்பாய்களுக்கென ஒரு விவாகரத்துப் பகுதி நிறுவப்பட்டது. அதில் சம்பளம் பெறும் சொலிசிட்டர்கள் வேலை செய்தனர். செலவு அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து வந்தது. இது செய்யலாகாத காரியமென்று முன்னர் சொல்லப்பட்டதே! செய்து பார்த்தபொழுது ஆகாயம் இடிந்து விழவில்லை.

1944-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரஷ்கிளிஃப் பிரபுவின் தலைமையில் புதிய கமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது. ஓராண்டுக்குள், யுத்தம் ஐரோப்பாவில் முடிந்த மே மாதத்திலேயே, அதன் அறிக்கை வெளிவந்தது. அதன் கொள்கைகளுள் தலையாயின நான்கு. உதவி எல்லா நியாயஸ்தலங்களிலும் கிடைத்தல் வேண்டும். பரம ஏழைக்கு மட்டுமன்றிச் சிறு வருவாயுடையவர்க்கும் அவரவர் சக்திக்கேற்பப் பங்கு செலுத்தச் செய்து அதனைத் தருதல் வேண்டும். வக்கீல்கள் போதிய ஊதியம் பெறுதல் வேண்டும். அதன் செலவை ராஜாங்கம் ஏற்றல் வேண்டும். எனினும், நிர்வாகம் சர்க்கார் இலாகாவினிடம் இராமல் வக்கீல்கள் சங்கத்தினிடமே இருத்தல் வேண்டும்.

நான்காவது கொள்கையின் காரணம் ஆழமானது. ஏழையின் வழக்குப் பலமுறை அரசாங்க அதிகாரிகளுக்கு எதிராகவே இருக்கும். பணங்கொடுப்பவனே வக்கீலை ஆட்டுவிப்பானாயின், அவ்வழக்கு எங்ஙனம் செம்மையாக நடக்கும்? பணம் சர்க்காருடையது; விசுவாசம் கட்சிக்காரனுக்கே உரியது. இக்கோட்டை அக்கமிட்டியார் தெளிவாக வரைந்தனர். மற்றுமொன்று கூறினர்: ஏழை என்னும் பெயரையே இனி வழங்கவேண்டா, உதவி பெறுபவர் என்று சொன்னாற் போதும் என்றனர். பெயரில் என்ன இருக்கின்றது என்பார்க்கு, அப்பெயரால் அழைக்கப்பட்டவர்களே விடை கூறவேண்டும்.

1949-ஆம் ஆண்டுச் சட்டம்

1948-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நாட்டில் இலவச வைத்திய முறை தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அட்டார்னி ஜெனரல் ஸர் ஹார்ட்லி ஷாக்ராஸ் சட்ட உதவி மசோதாவைப் பார்லிமெண்டில் எடுத்துரைத்தார். 1949-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி அது சட்டமாயிற்று. 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வைத்தியமும் வழக்கும் வேறென்று 1928-ல் சொன்னவர்களுக்கு, இருபத்தோராண்டு கழித்துக் காலமே பதிலுரைத்தது.

வீட்டு வாடகை, வரி, குடும்ப போஷணம் முதலியன கழித்து, ஆண்டு வருவாய் 156 பவுனுக்கும் சொத்து 75 பவுனுக்கும் மேற்படாதவர்க்கு உதவி முற்றும் இலவசம். வருவாய் 420 பவுன் வரையுள்ளவரும், தம் சக்திக்கேற்பப் பங்கு செலுத்தி உதவி பெறலாம். 156 பவுனுக்கு மேற்பட்ட வருவாயில் பாதிக்கு மேல் கேட்கலாகாது. எடுத்துக்காட்டாக, கழித்தன போக 256 பவுன் வருவாயுள்ள தொழிலாளி வருவாய்க் கணக்கில் ஐம்பது பவுனுக்கு மேல் கொடுக்க வேண்டுவதில்லை. ஐந்து பவுன் பிரமாணத்தால் வெளியே நிறுத்தப்பட்ட இடைநிலை மனிதனுக்கு இங்ஙனம் கதவு திறந்தது. வழக்கில் நியாயம் உண்டா என்பதை வக்கீல்கள் அடங்கிய உள்ளூர்க் கமிட்டி ஆராயும். வருவாயைத் தேசிய உதவிச் சபை கணக்கிடும். ஹைகோர்ட்டு வழக்குகளில் வக்கீலுக்கு, அனுமதிக்கப்பட்ட செலவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பொதுநிதியிலிருந்து கொடுக்கப்படும். எஞ்சிய பதினைந்து பங்கே அவர் செய்யும் தருமம்.

இதில் குறைகளும் இருந்தன. அவதூறு வழக்கு முதலிய சில விலக்கப்பட்டன. பணமுடையினால் சட்டம் ஒரே நாளில் முழுதும் அமலுக்கு வரவில்லை. ஏழைகள் மிகுதியாகச் செல்லும் கவுண்டி கோர்ட்டுகளுக்கு 1956-ஆம் ஆண்டில்தான் அது எட்டிற்று. கொடுத்ததைக் குறைக்கவும் கூடும் என்பதற்கும் அந்நாடே சான்று. 2012-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால், குடும்ப வழக்கு, கடன் வழக்கு முதலியவற்றுட் பெரும்பகுதி அவ்வுதவியினின்றும் நீக்கப்பட்டது. உரிமை என்பது பெற்றவுடன் உறங்கும் செல்வமன்று, காத்துக்கொள்ள வேண்டிய பயிர் என்பதை இதனால் அறிக.

நம் நாட்டில்

இனி நம் நாட்டுச் செய்தியைப் பார்ப்போம். பாப்பர் தாவா என்னும் சொல் நம் கிராமங்களிலும் வழங்கியதே. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் உத்தரவுப்படி, கோர்ட்டுக் கட்டணம் செலுத்த வழியில்லாதவன் அஃதின்றியே தாவா தொடுக்கலாம். கட்டணம் குறிக்கப்படாத விஷயங்களில், உடுத்த உடையும் வழக்குப் பொருளும் நீங்கலாக நூறு ரூபாய் சொத்தில்லாதவன் ஏழை எனப்பட்டான். ஐந்து பவுன் பிரமாணத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகின்றதன்றோ? கட்டணம் நீங்கிற்று, வக்கீலுக்கு யார் கொடுப்பது என்பதை அவ்வுத்தரவு அன்று சொல்லவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நூறு ரூபாய் ஆயிரமாயிற்று. பாப்பர் என்ற இழிபெயரும் நீங்கிற்று. நியாயஸ்தலமே வக்கீலை நியமிக்கவும் வழி ஏற்பட்டது.

1924-ஆம் ஆண்டில் பம்பாயில் சட்ட உதவிச் சங்கம் ஒன்று தோன்றியது. இங்கிலாந்தில் புதுச்சட்டம் பிறந்த அதே 1949-ஆம் ஆண்டில், பம்பாய் அரசாங்கம் நீதிபதி என். எச். பகவதியின் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. வங்காளத்திலும் ஸர் ட்ரெவர் ஹாரிஸ் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அறிக்கைகள் வந்தன, பணமில்லை என்னும் பழைய விடையே கிடைத்தது. 1950-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 22-ஆம் விதி, கைதானவன் தான் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளலாமென்று உரிமை தந்தது. அவ்வக்கீலின் கூலியைப் பற்றிப் பேசவில்லை. 1958-ஆம் ஆண்டில் சட்டக் கமிஷன் தன் பதினான்காம் அறிக்கையில் இக்குறையை எடுத்துக்காட்டி, ஏழைக்கு உதவியின்றேல் சட்டத்தின்முன் சமத்துவம் என்பது பொருளற்றதாகும் என்னும் கருத்தை வற்புறுத்திற்று. கேரள ராஜ்யம் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகளை ஏற்படுத்தியிருந்தது. அப்பொழுது அங்கே சட்ட மந்திரியாயிருந்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

பின்னர் 1973-ஆம் ஆண்டில் அக்கிருஷ்ணய்யரே மத்திய அரசாங்கத்துக்காக இவ்விஷயத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார். குஜராத்தில் அவ்வாறே ஆராய்ந்தவர் நீதிபதி பி. என். பகவதி. 1949-ஆம் ஆண்டுக் கமிட்டியின் தலைவருடைய புதல்வரே இவர். தந்தை இட்ட வித்தை மகன் நீரூற்றி வளர்த்தார் என்னலாம். 42-ஆம் திருத்தத்தால் அரசியல் சாசனத்தில் 39ஏ விதி சேர்ந்து, இலவச சட்ட உதவி ராஜாங்கத்தின் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1979-ஆம் ஆண்டில் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. விசாரணையின்றியே பீஹார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஏழைக் கைதிகளின் நிலை அப்பொழுது வெளியாயிற்று. அவருட் சிலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் மிகுதியாகவே சிறையிலிருந்தனர். ஏழைக் கைதிக்கு வக்கீல் கிடைப்பது உயிருரிமையின் பகுதியே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். இறுதியாக, 1987-ஆம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

முடிவுரை

1495-ல் ராஜாங்கம் கட்டளையிட்டு வக்கீலின் உழைப்பை வாங்கியது. 1903-ல் கைதிக்குப் பொதுப் பணம் கொடுத்தது. ஆனால் நிபந்தனையோடு கொடுத்தது. 1928-ல் வழக்காடுவது உன் பாடு என்றது. 1949-ல் அது தன் கடமையே என்று ஒப்பியது. தருமம் கடமையாதற்கு நானூற்றைம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

இச்சரித்திரம் நமக்கு எதற்கென்று கேட்பாரும் இருக்கலாம். நம் சமூகத்தார் பலர் இன்றும் பாகப்பிரிவினையில் தமக்குரிய பங்கை இழந்தும், ஒரு புரோநோட்டுக்கு எதிர்வாதம் எழுதாமையால் நிலத்தை இழந்தும் வாய்மூடி இருக்கின்றனர். விதவைகளான சகோதரிகள், நியாயஸ்தலம் ஏறுவது தம்மாலாகுமோ என்று அஞ்சி, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுகின்றனர். இவர்களுள் எத்தனை பேருக்கு, வருவாய் எவ்வளவாயினும் பெண்கள் எல்லோரும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவி கேட்கும் தகுதியுடையவர் என்பது தெரியும்? குழந்தைகளும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், சிறைக் காவலிலுள்ளவரும், மாற்றுத் திறனாளிகளும், குறிப்பிட்ட வருவாய்க்குட்பட்டவரும் அத்தகுதியுடையவரே. மனுவில் முகாந்தரம் இருந்தாற் போதும். தாலுகா கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், ஜில்லாத் தலைநகரில் மாவட்ட ஆணைக்குழுவும் இருக்கின்றன. கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் அவ்வழியே கிடைக்கும்.

ஆகவே, நம் சங்கத்துக் கிளைகள் தோறும் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர், மனு எழுதிக் கொடுக்கவும் உடன் சென்று வழிகாட்டவும் முன்வருவாராயின், அது வித்தியாதானத்துக்கு அடுத்த பெருந்தொண்டாகும். நம்முள் வக்கீல் தொழில் செய்யும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அரசாங்கம் கொடுக்கும் ஊதியம் குறைவே. எனினும், ஏழையின் கட்டை அடியில் வையாதீர். இவ்வுதவியை நம் குலத்தார்க்கு மட்டும் என்று வரைதலும் ஆகாது. மனுநீதிச் சோழன் தன் மணியை இன்னார்க்கென்று தூக்கி வைத்தானல்லன்.

கயிறு இப்பொழுது கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றது. அதனைக் காணாதவர்க்குக் காட்டுவதும், கை நடுங்குவோர்க்கு உடன்நின்று பிடித்துக்கொடுப்பதும் நம் பொறுப்பு. ஏழை சொல்லும் அம்பலம் ஏறுக!